முன்பணம் கட்டிவிட்டேன், இப்போது பயமாக இருக்கிறது: முடி மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்கள் சொல்லுங்கள்

காந்திபுரம்:

வணக்கம். வயது 29, கோவையில் வேலை. நெற்றி இரண்டு பக்கமும் ஏறிவிட்டது. உச்சியிலும் பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு மண்டை தெரிகிறது. அப்பா, சித்தப்பா எல்லோருக்கும் இதே கதைதான். வீட்டில் தை மாதம் கல்யாணம் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு கிளினிக்கில் விசாரித்தேன். 4,500 கிராஃப்ட் (பின்மண்டையிலிருந்து வேரோடு எடுத்து முன்னால் நடும் சின்ன முடிக் கொத்து), ஒரே நாளில் முடிந்துவிடும், மொத்தம் 68 ஆயிரம், இ.எம்.ஐ. வசதியும் உண்டு என்றார்கள். இந்த வாரம் கட்டினால் சலுகை என்றதும் 10 ஆயிரம் முன்பணம் கட்டிவிட்டேன். இதுவரை டாக்டரைப் பார்க்கவில்லை. பேசியதெல்லாம் கவுன்சிலர் என்று ஒரு பெண். வாட்ஸப்பில் நெற்றியை மூன்று போட்டோ எடுத்து அனுப்பினேன், பத்து நிமிடத்தில் 4,500 என்று பதில் வந்தது.

நேற்று ராத்திரி சும்மா தேடிப் பார்த்ததில் வரிசையாகச் சாவுச் செய்திகள். தூக்கம் போய்விட்டது. உண்மையிலேயே இதில் உயிருக்கு ஆபத்து இருக்கிறதா? செய்துகொண்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வழுக்கை வாத்தியார்:

தம்பி, எனக்கு 27 வயதில் முன்மண்டை காலி, 28இல் கல்யாணம். பெண் பார்க்கப் போனபோது மாமனார் என் தலையைப் பார்க்கவே இல்லை, சம்பளச் சீட்டைத்தான் பார்த்தார். மாதம் ஒரு முறை மெஷின் வைத்து ஒட்ட அடித்துக்கொள், அறுபது ரூபாயோடு போகும்.

காந்திபுரம்:

சார், உங்கள் காலத்தில் பெண் வீட்டுக்கு முதலில் போட்டோ அனுப்பவில்லை. இப்போது மேட்ரிமோனியில் போட்டோவைப் பார்த்துத்தான் ஜாதகமே கேட்கிறார்கள். ஒட்ட அடித்தும் பார்த்தேன். டைபாய்டு வந்து எழுந்தவன் மாதிரி இருக்கிறது என்று அம்மாவே சொல்லிவிட்டார்.

மறுநடவு:

நான் செய்துகொண்டவன். 2021, என் வயது அப்போது 31. ஊர், கிளினிக் பெயர் வேண்டாம், வக்கீல் நோட்டீஸ் வாங்க எனக்குத் தெம்பில்லை.

காலை எட்டு மணிக்கு மேஜையில் குப்புறப் படுக்க வைத்தார்கள். முகம் வைக்க ஒரு ஓட்டை இருக்கும், அது வழியாகத் தரை மட்டும்தான் தெரியும். அன்று முழுக்க நான் ஆட்களைச் செருப்பை வைத்துத்தான் அடையாளம் கண்டேன். டாக்டரின் செருப்பு நீலம். நீலச் செருப்பு வந்து ஊசி போட்டது, இருபது நிமிடம் நின்றது, போய்விட்டது. அப்புறம் இரண்டு ஜோடி ரப்பர் செருப்புதான். பின்மண்டையில் டிரில் மாதிரி ஒரு சத்தம். மேலே மதியம் எந்தக் கடையில் பிரியாணி சொல்வது என்று பேச்சு. "டாக்டர் எங்கே?" என்று கேட்டேன். "பக்கத்து ரூமில்தான் சார், ஆடாமல் படுங்க."

ஐந்தாம் நாள் முன்நெற்றி நடுவில் ஒரு இடம் மட்டும் கறுத்தது. போட்டோ அனுப்பினேன். பொருக்குதான், சலைன் அடித்துக்கொண்டே இருங்கள் என்று பதில். அது பொருக்கு இல்லை, தோல் செத்துப்போயிருந்தது. நெருக்கமாக இருந்தால்தான் அழகு என்று குறுகிய இடத்தில் அளவுக்கு மீறித் துளைகள் போட்டிருக்கிறார்கள், அந்த இடத்துக்கு ரத்தம் போகவில்லை. நான் சிகரெட் பிடிப்பவன். புகை, சர்க்கரை இரண்டும் இந்த ஆபத்தைக் கூட்டும் என்று பின்னால் வேறு டாக்டர் சொன்னார். முதல் கிளினிக்கில் சிகரெட் உண்டா என்று யாருமே கேட்கவில்லை. இரண்டு மாதம் கட்டுப் போட்டு ஆறியது. இப்போது அங்கே கட்டை விரல் நகம் அளவுக்கு வெள்ளைத் தழும்பு.

அதைவிட எனக்கு உறுத்துவது பின்மண்டை. சலூனில் முடி வெட்டும் பையன் கேட்டான்: "அண்ணே, பூச்சிவெட்டா? சின்ன வெங்காயம் தேய்ச்சுப் பாருங்க." அங்கங்கே திட்டுத் திட்டாக அவ்வளவு எடுத்திருக்கிறார்கள்.

ஊசிமருந்து:

நான் மயக்கவியல் துறையில் இருக்கிறேன், அதனால் என் பகுதியை மட்டும் சொல்கிறேன்.

உயிருக்கு ஆபத்து உண்டா என்றால், அரிது, ஆனால் உண்டு. 2016இல் சென்னையில் முடி மாற்று சிகிச்சைக்குப் போன 22 வயது மருத்துவ மாணவர் ஒருவர் இறந்தார். மருத்துவம் படித்த பையனே அப்படி ஒரு இடத்தில் போய்ப் படுத்தாரே என்று எங்கள் வட்டத்தில் அப்போது பேசாதவர் இல்லை. 2019இல் மும்பையில் 43 வயது வியாபாரி ஒருவர் ஒரே அமர்வில் 9,500 கிராஃப்ட் வைத்துக்கொண்டு இறந்தார். கடுமையான ஒவ்வாமை என்று டாக்டர்கள் சந்தேகித்தார்கள். டெல்லியில் 2021இல் ஒருவருக்குத் தொற்று ரத்தத்தில் பரவிவிட்டது. கான்பூரில் 2025இல் இறந்த என்ஜினியர் விஷயத்தில் சிகிச்சை செய்ததாக வழக்கில் சிக்கியவர் பல் மருத்துவம் படித்தவர்.

இந்தச் சிகிச்சையில் பொதுவாக முழு மயக்கம் கிடையாது, மரத்துப்போக லிக்னோகைன் ஊசி மட்டும்தான். அதனாலேயே "பல் பிடுங்குகிற மாதிரிதான் சார்" என்பார்கள். பல்லுக்கு இரண்டு மூன்று மில்லி போதும். தலை முழுக்க என்றால் கதை வேறு. அட்ரினலின் கலந்த லிக்னோகைனுக்கு வழக்கமாகச் சொல்லும் உச்ச அளவு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 7 மில்லிகிராம். 70 கிலோ ஆளுக்கு 490 மில்லிகிராம். 2 சதவீத மருந்தில் ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராம் இருக்கும், ஆக 24 மில்லியோடு கணக்கு முடிந்தது. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் மருந்தை நீர்க்க வைத்துப் போடுவார்கள், போட்டதை எழுதி வைப்பார்கள். காலையில் பின்மண்டைக்கு ஒருவர் போட்டிருப்பார். மதியம் முன்மண்டைக்கு வேறொருவர் போடுவார். நாலு மணிக்கு "வலிக்குது" என்றால் இன்னும் கொஞ்சம். யாரும் கூட்டிப் பார்க்கவில்லை என்றால் என்ன ஆகும்? உதடு, நாக்கு மரத்துப்போவது, வாயில் உலோகச் சுவை, காதில் இரைச்சல், இவை முதல் அறிகுறிகள். அதற்கு மேல் போனால் வலிப்பு, இதயத் துடிப்பில் கோளாறு. அந்த நேரத்தில் ஆக்சிஜன், இதயத் துடிப்பைக் காட்டும் மானிட்டர், மாற்று மருந்தாகக் கொடுக்கும் கொழுப்புக் கரைசல், மூச்சுக்குழாய் போடத் தெரிந்த ஒரு ஆள், இவ்வளவும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அழகு நிலையத்தின் மாடியில் அதெல்லாம் இருக்காது.

காந்திபுரம், அறையில் மானிட்டர் இருக்கிறதா என்று நேரில் போய்க் கண்ணால் பாருங்கள். போனில் கேட்டால் எல்லாமே இருக்கும்.

ஷார்ஜா சிவா:

எல்லோரும் பயமுறுத்தியே அனுப்பினால் எப்படி? நான் 2022இல் ஷார்ஜாவிலிருந்து இஸ்தான்புல் போய்ச் செய்துகொண்டேன். 3,800 கிராஃப்ட். ஓட்டல், கார், மொழிபெயர்ப்பாளர் எல்லாம் பேக்கேஜிலேயே அடக்கம். திரும்பி வரும்போது விமான நிலையத்தில் பார்த்தால் என்னைப் போலத் தலையில் பட்டை கட்டியவர்கள் வரிசையாக நிற்கிறார்கள், ஏதோ குலதெய்வத்துக்கு முடி இறக்கிய கூட்டம் மாதிரி. இன்று சீப்பு இல்லாமல் வெளியே கிளம்புவதில்லை.

எனக்கும் செய்தது டெக்னீஷியன்கள்தான். தினமும் அதே வேலையைச் செய்கிற கை. மாதம் இரண்டு கேஸ் செய்கிற டாக்டர் கையைவிட அது பழகிய கை இல்லையா? டெக்னீஷியன் என்றாலே மோசம் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மூன்றாம் நாள் முகம் வீங்கி இரண்டு கண்ணும் மூடிக்கொண்டது, அதுதான் கொஞ்சம் பயம். போட்ட திரவம் நெற்றி வழியாக இறங்குவதாம், ஒரு வாரத்துக்குள் வடிந்தது. விக்கல் மட்டும் இரண்டு நாள் விடவே இல்லை.

மறுநடவு:

சிவா அண்ணா, உங்களுக்கு நன்றாக வந்தது சந்தோஷம். மூன்று மாதம் கழித்துச் சீழ்க் கொப்புளம் வந்ததாகப் போன வருடம் இதே பக்கத்தில் எழுதினீர்களே, அப்போது யார் பார்த்தார்கள்?

ஷார்ஜா சிவா:

ஞாபகம் வைத்திருக்கிறாய். இங்கே ஒரு மலையாளி தோல் டாக்டர் பார்த்தார். இஸ்தான்புல்லில் இருந்து வாட்ஸப்பில் ஒரு மருந்துப் பெயரும் ஒரு கைகூப்பும் வந்தது. அதில் உன் பக்கம் நியாயம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

ஊசிமருந்து:

டெக்னீஷியன் விஷயத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். எடுத்த கிராஃப்டைச் சுத்தம் செய்து, வகை பிரித்து, எண்ணி வைப்பது உலகம் முழுக்க உதவியாளர்கள் வேலைதான், அதில் தவறில்லை. எங்கே எவ்வளவு எடுப்பது, நெற்றிக் கோட்டை எங்கே வைப்பது, துளையை எந்தக் கோணத்தில் போடுவது, இதெல்லாம் அறுவை. நம் நாட்டில் தேசிய மருத்துவ ஆணையம் 2022 செப்டம்பரில் விதிமுறை வெளியிட்டது. முறையான அறுவைப் பயிற்சி பெற்ற மருத்துவர்தான், அதாவது பிளாஸ்டிக் சர்ஜரியோ தோல் மருத்துவமோ மேற்படிப்பாகப் படித்தவர்கள்தான் செய்ய வேண்டும் என்று அதில் இருக்கிறது. பயிலரங்கில் உட்கார்ந்து பார்த்ததும் யூடியூபில் பார்த்ததும் பயிற்சி ஆகாது என்று எழுதியே வைத்தார்கள். அப்படி எழுதும் அளவுக்கு நிலைமை இருந்திருக்கிறது, பாருங்கள்.

நெய்தல்:

நான் பெண், 38. இங்கே எழுதலாமா தெரியவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். எனக்கு வகிடு அகலமாகிக்கொண்டே போனது. ஒரு இடத்தில் 2,000 கிராஃப்ட் என்றார்கள், நாளும் குறித்தாகிவிட்டது. வகிட்டில் எரிச்சலும் அரிப்பும் இருக்கிறது என்று நானாகச் சொன்னபோது, பொடுகு என்று ஒரு ஷாம்பூவை விற்றார்கள்.

என் ஓரகத்தி நர்ஸ். அவள்தான் பிடித்து இழுத்துக்கொண்டு ஒரு தோல் டாக்டரிடம் போனாள். அவர் டெர்மாஸ்கோப் என்ற லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு மிளகு அளவுக்குத் தோலை வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார். லைக்கன் பிளானோபிலாரிஸ் என்று வந்தது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே முடியின் வேரைத் தாக்கித் தழும்பாக்கிவிடும் நோய். அது தீவிரமாக இருக்கும்போது முடி நட்டால் நட்டதையும் சேர்த்துத் தின்றுவிடும் என்றார். எனக்கு நோய் அடங்கவே ஒன்றரை வருடம் ஆனது. டாக்டர் சொன்னதில் ஒன்று மனதில் நின்றுவிட்டது: "வழுக்கைக்கு எல்லாம் ஒரே பெயர் வைத்தது நாம்தான், அம்மா."

காந்திபுரம்:

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. நன்றி அக்கா, நன்றி அண்ணா. இரண்டு சந்தேகம்.

ஒன்று, நட்ட முடி ஒரு மாதத்தில் கொட்டிவிடும் என்கிறார்களே, அப்புறம் எதற்கு நடுவது? இரண்டு, 4,500 அதிகமா குறைவா? கவுன்சிலர் "உங்களுக்கு டோனர் நிறைய இருக்கு சார்" என்றார். டோனர் என்றால் முடி எடுக்கிற பின்மண்டைப் பகுதியாம்.

மறுநடவு:

கொட்டுவது சகஜம், பயப்படாதே. நட்ட இடத்தில் வேர் இருக்கும், மேலே இருக்கிற தண்டு இரண்டு முதல் ஆறு வாரத்துக்குள் உதிரும். மூன்று நான்கு மாதத்தில் பூனை முடி மாதிரி முளைக்கும். முழு விளைவைப் பார்க்க ஒரு வருடம், உச்சிக்கு அதற்கும் மேல். தை மாதக் கல்யாணம் என்றால் இப்போது செய்துகொண்டால் கல்யாண போட்டோவில் நீ இன்றைக்கு இருப்பதைவிட மோசமாகத்தான் இருப்பாய். இதைக்கூட அந்தக் கவுன்சிலர் சொல்லவில்லையா?

நட்ட முடி மட்டும் என்று இல்லை, பக்கத்தில் இருக்கும் சொந்த முடியும் அதிர்ச்சியில் கொட்டலாம். அதில் ஏற்கெனவே மெலிந்து கிடந்தது சில சமயம் திரும்பி வராது.

வழுக்கை வாத்தியார்:

அறுபது ரூபாய் யோசனையை யாரும் மதிக்கவில்லை, போகட்டும். வாத்தியார் என்பது பட்டப்பெயர் இல்லை, முப்பது வருடம் உயிரியல் நடத்தியவன். அதனால் ஒரு பாடம்.

ஜப்பானில் ஒகுடா என்ற டாக்டர் 1939இலேயே முடி உள்ள தோலைச் சின்னச் சின்ன வட்டமாக எடுத்துத் தீக்காயத் தழும்புகளில் வைத்து முளைக்க வைத்தார். போர் வந்தது, வெளி உலகத்துக்குத் தெரியாமல் போனது. நியூயார்க்கில் ஓரென்ட்ரைக் என்பவர் 1950களில் செய்து 1959இல் எழுதினார். அவர் கண்டது இதுதான்: பின்மண்டை முடியைப் பிடுங்கி முன்னால் வைத்தாலும் அது பின்மண்டைக் குணத்தோடுதான் வளரும், கொட்டாது. நாற்றங்கால் குணம் நாற்றோடு போகிறது. இந்தத் தொழில் முழுக்க நிற்பது இந்த ஒரு விஷயத்தின் மேல்தான்.

ஆனால் தம்பி, நாற்றங்கால் ஒன்றுதான் இருக்கிறது. பிடுங்கிய இடத்தில் மறுபடி முளைக்காது. நீ வயலுக்கு எத்தனை நாற்று என்று கேட்டுக்கொண்டிருக்கிறாய், நாற்றங்காலில் எத்தனை இருக்கிறது என்று யாரும் எண்ணவில்லை.

ஊசிமருந்து:

வாத்தியார் சொன்னதற்கு எண் மட்டும் சேர்க்கிறேன். பலருக்கு வாழ்நாள் முழுக்கப் பின்மண்டையில் இருந்து பாதுகாப்பாக எடுக்க முடிவது சுமார் 6,000 கிராஃப்ட், ஆளுக்கு ஆள் ஏறும் இறங்கும். 29 வயதில் 4,500 எடுத்துவிட்டால் பாக்கி எவ்வளவு? வழுக்கை உங்களுக்கு இன்னும் நிற்கவில்லை. நட்டது முன்னால் நிற்கும், அதற்குப் பின்னால் சொந்த முடி ஒதுங்கிக்கொண்டே போகும். நாற்பது வயதில் முன்னால் ஒரு வேலி, நடுவில் பொட்டல். அதை மூடக் கையிருப்பு இருக்காது.

இன்னொன்று. ஒரு கிராஃப்டில் ஒன்று முதல் நான்கு முடி வரை இருக்கும், சராசரியாக இரண்டு. சில இடங்களில் முடியை எண்ணிக் கிராஃப்ட் என்று பில் போடுவார்கள். 4,500 என்று அவர்கள் சொன்னது எது என்று எழுத்தில் கேளுங்கள். உண்மையிலேயே 4,500 கிராஃப்டை ஒரே நாளில் எடுக்கிறார்கள் என்றால், எத்தனை பேர், எத்தனை மணி நேரம், அதுவரை எடுத்த கிராஃப்ட் எதில் ஊறுகிறது என்றும் கேளுங்கள். உடம்புக்கு வெளியே இருக்கிற ஒவ்வொரு மணி நேரமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும்.

காந்திபுரம்:

மாத்திரை பற்றியும் யாராவது சொல்லுங்கள். வழுக்கைக்குக் கொடுக்கும் ஃபினாஸ்டரைடு சாப்பிட்டால் ஆண்மை போய்விடும் என்று நண்பன் சொன்னான். அதற்குப் பயந்துதான் நேரே ஆபரேஷனுக்கு வந்தேன்.

நெய்தல்:

மாத்திரைக்குப் பயந்து கத்திக்கு வந்தீர்களா தம்பி!

ஊசிமருந்து:

நான் தோல் மருத்துவர் இல்லை, பொதுவாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். 1 மில்லிகிராம் மாத்திரை, அமெரிக்காவில் வழுக்கைக்கு அனுமதி கிடைத்தது 1997இல். ஆசை குறைவது, விறைப்பில் சிக்கல், இவை சிலருக்கு வரும். பெரும்பாலோருக்கு வராது. வந்தவர்களில் பலருக்கு நிறுத்தினால் சரியாகிவிடும், நிறுத்திய பிறகும் நீடித்ததாகச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். மனச்சோர்வு ஏற்கெனவே இருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். குழந்தைக்குத் திட்டமிடும்போதும் கேட்டுக்கொள்ளுங்கள். உடைந்த மாத்திரையைக் கர்ப்பிணிகள் தொடக்கூடாது.

ஆனால் ஒன்று: ஆபரேஷன் செய்தாலும் சொந்த முடியைக் காப்பாற்ற இந்த மாத்திரையோ, தலையில் தடவும் மினாக்சிடில் மருந்தோ தேவை என்றுதான் பெரும்பாலான டாக்டர்கள் சொல்வார்கள். அதனால் ஆபரேஷன் செய்து மாத்திரையைத் தவிர்க்கலாம் என்ற கணக்கு முதலிலேயே தப்பு.

ஷார்ஜா சிவா:

இது உண்மை. நான் இன்றும் சாப்பிடுகிறேன். அந்த மாதிரிப் பிரச்சினை எதுவும் இல்லை, இரண்டாவது பையன் போன வருடம் பிறந்தான்.

காந்திபுரம் (இரண்டு வாரம் கழித்து):

என்ன ஆயிற்று என்று தனிச்செய்தியில் கேட்ட எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதுகிறேன்.

கிளினிக்குக்கு நேரில் போனேன். யார் எடுப்பார்கள், யார் துளை போடுவார்கள், டாக்டர் என்ன படித்தவர், எவ்வளவு நேரம் அறையில் இருப்பார் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன். கவுன்சிலர் தாளைப் பார்த்ததும் சிரித்தார். "எங்க டீம் எல்லாம் பார்த்துக்கும் சார், நீங்க ரிலாக்ஸா வாங்க." டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றேன். ஆபரேஷன் அன்று காலையில்தான் வருவார், வெளியூர் டாக்டர் என்றார். அறையைக் காட்டச் சொன்னேன். நாற்காலி, விளக்கு, ஏசி, சுவரில் ஒரு நடிகர் படம். மானிட்டர் எங்கே என்று கேட்டதற்கு, சுவரில் மாட்டியிருந்த டிவியைக் காட்டினார். ஊசிமருந்து அண்ணா, சத்தியமாக.

மறுநாள் லீவு போட்டுவிட்டு அரசு மருத்துவமனைத் தோல் பிரிவுக்குப் போய் வரிசையில் நின்றேன். முன்னால் நின்றவர்கள் எல்லாம் சொரியாசிஸ், படை என்று வந்தவர்கள், எனக்கு வெட்கமாகவே இருந்தது. அந்த லேடி டாக்டர் என் நெற்றியைப் பார்த்த நேரம் ஐந்து விநாடி இருக்கும். அப்புறம் திரும்பி உட்காரச் சொல்லி, லென்ஸை வைத்துப் பின்மண்டையையே நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். இத்தனை நாளில் என் பின்மண்டையைப் பார்த்த முதல் ஆள் அவர்தான். காதுக்கு மேலேயும் முடி மெலிய ஆரம்பித்திருக்கிறதாம், எடுக்கிற இடமே அவ்வளவு கெட்டி இல்லை என்றார். தைராய்டும் ரத்தமும் பார்க்கச் சொன்னார், இரண்டும் சரியாக இருக்கிறது. ஒரு வருடம் மருந்து போட்டுப் பார்ப்போம், அப்புறம் ஆபரேஷன் பற்றிப் பேசலாம், அதுவும் 1,500, 2,000க்கு மேல் யோசிக்க வேண்டாம் என்றார். மாத்திரை ஆரம்பித்துப் பதினொரு நாள் ஆகிறது. முதல் மூன்று நாள் எல்லாமே மாத்திரையால் என்றுதான் தோன்றியது, தலைவலி, தும்மல் உட்பட.

முன்பணம் பற்றிக் கேட்டீர்கள். திருப்பித் தர மாட்டார்களாம், கொள்கையே அப்படித்தானாம். அதற்குப் பதிலாகப் பத்தாயிரத்துக்கு ஃபேஷியல் கூப்பன் தருகிறோம், ஆறு மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்கிறார்கள்.

மறுநடவு:

ரசீது இருந்தால் நுகர்வோர் கோர்ட்டில் மனு போடு. ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பார், என் ரசீதில் "ஸ்கின் கேர்" என்றுதான் இருந்தது. நான் அதைக் கவனித்ததே ஒரு வருடம் கழித்து.

காந்திபுரம்:

இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன் அண்ணா. "ஹேர் ஸ்பா."

வழுக்கை வாத்தியார்:

கோர்ட்டுக்குப் போவதற்கு முன்னால் அந்த ஃபேஷியல் கூப்பனை இந்தப் பக்கம் அனுப்பு தம்பி. எனக்கு மற்றவர்களைவிட முகம் கொஞ்சம் பெரிது.